துணையோடு வருகிறேன் என்றான்

நவம்பர் 26

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் தொலைபேசியில் உங்களிடம் சொன்னது என்னைப் பற்றித்தான். அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

"கிறிஸ்துமஸுக்கு வரேம்மா. தனியா இல்ல, துணையோட வரேன்" என்று அவர் சொன்னபோது நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கர் போட்டிருந்தார். மூன்று வருடமாக வீட்டுப் பக்கம் போகாதவர் அந்த ஒரு வரியைச் சொல்ல ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். நீங்களும் "கூட்டிட்டு வா, எனக்கென்ன" என்றீர்கள். அதுவரை எனக்குச் சந்தோஷம்.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அடுப்படியில ஒரு சாக்கு விரிச்சுடறேன், அங்கயே படுத்துக்கட்டும்." "கட்டில் மேல மட்டும் ஏறக்கூடாது, உங்கப்பாவுக்குப் பிடிக்காது." "ரெண்டு மீன் தலை போதும்ல?" கடைசியாக, "அங்க வந்து குட்டி கிட்டி போட்டா நான் பொறுப்பில்ல, இப்பவே சொல்லிட்டேன்."

உங்கள் மகன் முகம் வெளுத்துப்போய் போனை வைத்தார். "எங்கம்மா சில சமயம் இப்படித்தான் தமாஷ் பண்ணுவாங்க" என்றார்.

நான் லிப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவள். சுலபத்தில் கலங்குவதில்லை. அன்று கலங்கினேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சாக்கு வரை போயிருக்க வேண்டாம்.

நான் வரவில்லை. அவரையாவது வரச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அடுப்படிக்கு வராதவள்

---

டிசம்பர் 1

அன்புள்ள உங்களுக்கு,

பெயர்கூடத் தெரியாமல் எழுதுகிறேன். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவை புரிந்தது. மூன்றாவது தடவை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் "பூனையோட வரேன்" என்று சொன்னதாகத்தான் என் காதில் விழுந்தது.

நான் டெலிபோன் ஆபீஸில் முப்பது வருடம் லைன் கொடுத்தவள். ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு என் பங்குக் காது தீர்ந்துவிட்டது. போனில் பாதிதான் கேட்கும், மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். கைபேசியில் எழுதி அனுப்பினாலோ எறும்பு ஊர்வது போலத் தெரிகிறது. ஆகவே கடிதம்தான் எனக்குத் தோது.

தனியாக இருக்கிறானே, ஒரு பூனை வளர்க்கிறான்போல, அதை விட்டுவிட்டு வர மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவன் அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். பூனை என்றாலே தும்முவார். நாலு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் ரம்பத்தை எடுத்து, அடுப்படிக் கதவின் அடியில் பூனை போய்வர ஒரு வழி அறுத்துவிட்டார். நல்ல கதவு. இப்போது அதன் வழியாகக் குளிர்காற்று வந்து என் கணுக்காலில் அடிக்கிறது.

என் மகனுக்கு ஒரு துணை இருக்கிறது என்பதே உங்கள் கோபத்திலிருந்துதான் எனக்குத் தெரிய வருகிறது. யார் நீங்கள்? எத்தனை நாளாக? அவன் சாப்பிடுகிறானா?

குட்டி போடுவதைப் பற்றிச் சொன்னதை மட்டுமாவது மறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா

---

டிசம்பர் 5

அம்மா,

உங்கள் கடிதத்தை உங்கள் மகனிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "பூனையோட" என்ற இடத்தில் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. என் கோபமும் அங்கேயே இறங்கிவிட்டது. அந்த முதல் கடிதத்துக்காக மன்னியுங்கள். என்னை நீ என்றே எழுதுங்கள்.

கேட்டதற்குப் பதில். இரண்டு வருடமாக. அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் சமையலறைக்கும் வார்டுகளுக்கும் நடுவே சாப்பாடு ஏற்றும் லிப்ட் ஒன்று இருக்கிறது. ஒருநாள் எண்பது கிண்ணம் சூப்போடு அவர் அதற்குள் மாட்டிக்கொண்டார். ஆட்கள் ஏறக்கூடாது என்று பெரிதாக எழுதியிருக்கிறது, ஆனாலும் ஏறியிருக்கிறார். கதவைத் திறந்துவிடப் போனேன். "என்னை விடுங்க, முதல்ல சூப்பை எடுங்க, ஆறிடும்" என்றார். இவரை விடக்கூடாது என்று அப்போதே தோன்றியது.

அவர் வங்கி வேலையை விட்டுவிட்டுச் சமையலுக்கு வந்ததில் அவருடைய அப்பாவுக்கு வருத்தம் என்று தெரியும். அதனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் சமைப்பது உப்பு சேர்க்கக்கூடாத நோயாளிகளுக்கு. போன மாதம் ஒரு பெரியவர் எட்டு நாள் வாயில் ஒன்றும் வைக்காமல் அடம்பிடித்தார். ஒன்பதாம் நாளிலிருந்து உங்கள் மகன் தினமும் மத்தியானம் மூன்று கரண்டி சூப்பை எடுத்துக்கொண்டு தானே மேலே போனார். "ஐயா, சாப்பிட வேணாம். ருசி பார்த்துட்டு மார்க் மட்டும் போடுங்க. பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். முதல் நாள் மூன்று. மறுநாள் எலுமிச்சை பிழிந்து, மிளகைப் பொடித்துப் போட்டுக் கொண்டுபோனார். நான்கு. ஆறாவது நாள் ஏழு வந்தது, கிண்ணமும் காலியாக வந்தது. "எங்கப்பா எட்டுக்கு மேல யாருக்கும் போட்டதில்ல. அதனால ஏழே பெரிய விஷயம்" என்றார் வீட்டுக்கு வந்து.

எனக்குச் சொந்தம் என்று அதிகம் பேர் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டியூட்டி கேட்டு வாங்கிக்கொள்வேன். நாலு பேர் போகிற லிப்டில் ஏழு பேரும் ஒரு மரமும் ஏற முயற்சி செய்வது அன்றைக்குத்தான். இந்த வருடம் லீவு போட்டிருக்கிறேன். வருகிறேன், ஒரு நிபந்தனை. நான் பூனை இல்லை என்பது வாத்தியார் சாருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
லிப்ட் மெக்கானிக்

---

டிசம்பர் 10

அன்புள்ள பெண்ணுக்கு,

உன் நிபந்தனை நியாயமானது. மூன்று தடவை முயற்சி செய்தேன்.

நேற்று காலை அவர் கிறிஸ்துமஸ் மரத்தின் காலைத் திருகிக்கொண்டிருந்தபோது, "வரப்போறது பூனை இல்லைங்க" என்றேன்.

"பின்ன?"

"அதைவிடக் கொஞ்சம் பெருசு."

"நாயா? அதெல்லாம் ஆகாது. பூனைக்கே நாலு நாள் யோசிச்சேன். கதவை இன்னும் பெருசா அறுக்க என்னால முடியாது."

அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. மற்ற இரண்டு தடவையும் இதைவிட மோசம்.

அவர் கெட்டவர் இல்லை. மூன்று வருடம் முன்னால் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் "கரண்டி பிடிக்கவா இத்தனை படிப்பு?" என்று ஒரு வார்த்தை விட்டார். இவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அன்றிலிருந்து இவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை, ஆனால் சாப்பிடும்போது அந்த நாற்காலியைப் பார்ப்பார். ஒரு பூனைக்காகக் கதவை அறுத்தார் என்றால் அது பூனைக்காக இல்லை. இது அவனுக்குப் புரியாது, உனக்குப் புரியும் என்று எழுதுகிறேன்.

என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. கல்யாணப் பேச்சும் இல்லை. நான் பழைய மனுஷி, கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. அதனால் ஒரு ஏற்பாடு யோசித்திருக்கிறேன். நீ தையல் மிஷின் இருக்கிற அறையில் படுத்துக்கொள். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், மகனோடு வேலை பார்க்கிற பெண், ஊருக்குப் போக முடியாததால் கூட வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறேன். அவருக்கும் அப்படியே சொல்லிவிட்டால் பண்டிகை நல்லபடியாக முடிந்துவிடும். பிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கோபித்துக்கொள்ளாதே.

அவனுடைய அம்மா

---

டிசம்பர் 14

அம்மா,

கோபித்துக்கொண்டேன்.

உங்களுக்கு வலித்தது என்று எழுதியிருந்தீர்கள். அது நியாயம். இரண்டு வருடம் சொல்லாமல் இருந்தது தப்பு, அதற்கு உங்கள் மகனை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பூனையாக இருந்தபோது நான் அவருடையவள் என்றாவது இருந்தது. எனக்காகக் கதவெல்லாம் அறுத்தார்கள். மனுஷி என்று தெரிந்தவுடன் கூட வேலை பார்க்கிற பெண் ஆகிவிட்டேன். பூனைக்கு இருந்த மரியாதைகூட எனக்கு இல்லை.

நாள் முழுக்க நான் போகிற இடத்திலெல்லாம் "நீயா ரிப்பேர் பண்ணப் போற? ஆம்பளை யாரும் வரலையா?" என்று கேட்கிறார்கள். நான் யார் என்று விளக்கிவிட்டுத்தான் பெட்டியையே திறக்க வேண்டியிருக்கிறது. பண்டிகை நாளில் சாப்பாட்டு மேஜையிலும் வேறு ஒருத்தியாக உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

லீவை ரத்து செய்துவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி எனக்கு டியூட்டி. உங்கள் மகனுக்கு நேற்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கவலையில் உப்பில்லாத சூப்பில் உப்பைப் போட்டுவிட்டு, ஒரு பெரிய அண்டா சூப்பை அப்படியே கொட்டியிருக்கிறார். தனியாகப் போங்கள் என்றேன். மாட்டாராம்.

உங்கள்மேல் வெறுப்பு இல்லை. உங்கள் கடிதங்களை வைத்திருக்கிறேன்.

லிப்ட் மெக்கானிக்

---

டிசம்பர் 18

அன்புள்ள மகளுக்கு,

இங்கே பெரிய கூத்து நடந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதங்களைப் பொத்தான் டப்பாவில் ஒளித்துவைத்திருந்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் இவர் அந்த டப்பாவைத் திறந்ததில்லை. நேற்று பூனைக்கு மணல் போட்டுவைக்கப் பழைய டப்பா ஒன்று வேண்டும் என்று தேடியவர், நேராக அதைத்தான் திறந்தார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மனுஷர் நின்றபடியே மூன்று கடிதத்தையும் படித்துக்கொண்டிருக்கிறார். காலடியில் பொத்தானெல்லாம் சிதறிக் கிடக்கிறது.

நான் சுவரோடு சுவராக நின்றேன். அவர் மூன்றையும் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பிட எழுந்து வந்தார். பிறகு, "அந்தப் பெரியவர் இப்ப எப்படி இருக்கார்?" என்றார்.

"எந்தப் பெரியவர்?"

"அதான், எட்டு நாள் சாப்பிடாதவர். ஏழு மார்க் போட்டாரே."

"எனக்கென்னங்க தெரியும்?"

"இவன் இதெல்லாம் நம்மகிட்ட சொன்னதே இல்லையே" என்றார். நீங்கள் கேட்டீர்களா என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். சாப்பிட்டு முடித்துவிட்டு அடுப்படிக் கதவைப் போய்ப் பார்த்தார். "வீணா அறுத்துட்டேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "கூட வேலை பார்க்கிற பொண்ணுன்னு சொல்லச் சொன்னது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "அவ கோபிச்சது சரி" என்றார்.

சரிதான். நான் அக்கம்பக்கத்துக்குப் பயந்தேன். உன்னைப் பார்ப்பதற்கு முன்பே உன்னை மறைக்கப் பார்த்தேன். மன்னித்துக்கொள்.

உன்னுடைய கடைசிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பயப்படாதே, சிவப்பு மை அவருடையது. கையில் எழுத்து கிடைத்தால் திருத்தாமல் இருக்க அவரால் முடியாது. ஒற்றுப்பிழை மூன்று என்று வட்டம் போட்டிருக்கிறார். கீழே எழுதியிருப்பதையும் பார்: "கருத்து சரி."

உனக்கு டியூட்டி என்றால் நாங்கள் வருகிறோம். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் பஸ். மறுநாள் காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டில் இருப்போம். மகனிடம் சொல்லாதே, ஓடிவிடுவான்.

அம்மா

---

டிசம்பர் 28

அன்புள்ள அம்மா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அன்றைக்கு நாம் சரியாகப் பேசவே முடியவில்லை. நான் மெதுவாகப் பேசினேன், உங்களுக்குக் கேட்கவில்லை. சத்தமாகப் பேசினேன், தெருவே திரும்பிப் பார்த்தது. மாடியில் என்ன நடந்தது என்று பஸ் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அதை முழுசாக எழுதுகிறேன். உங்கள் மகன் பாதியைத்தான் சொல்லியிருப்பார்.

ஒன்பதரைக்கே எனக்கு அழைப்பு வந்துவிட்டது. நீங்கள் வருவதற்கு முன் கிளம்ப வேண்டியதாயிற்று. பதினோரு மாடிக் கட்டடம், எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே புதுத்துணி போட்ட ஒரு குடும்பம், ஐந்து பேர், ஒரு கேக். மோட்டார் அறை மொட்டை மாடியில் இருக்கிறது. கரண்டே இல்லாமல் கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் லிப்டை நகர்த்த முடியும். அதற்கு ஒருவர் பிரேக்கைப் பிடித்துத் திறந்துவைக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். என்னோடு வர வேண்டியவர் வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டார். நான் தனியாக உட்கார்ந்து, கீழே இருந்தவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லிப்ட் ஓடும் இடைவெளி வழியாகப் படிக்கட்டில் பேசுவது அப்படியே மேலே கேட்கும். எனக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மகனும் சாரும் படியேறி வருவது நான்காவது மாடியிலிருந்தே எனக்குக் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்தான். ஆறாவது மாடியில் சாரின் குரல்.

"அந்தப் பெரிய பாத்திரத்தை இப்படிக் கொடு."

"வேணாம்பா, கனம்."

"கொடுன்னா கொடு."

ஏழாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "இதுலதான் உப்பில்லாத சூப்பா?" என்றார்.

"ஆமா. உங்களுக்கு பிரஷர்னு அம்மா சொன்னாங்க. அதான் தனியா வச்சேன்."

"உப்பில்லாம எப்படிக் குடிக்கறாங்க?"

"குடிச்சுப் பாருங்க."

மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு கரண்டி மூன்று தடவை பாத்திரத்தில் இடித்தது. நான் கையில் ஸ்பானரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லிப்டுக்குள் இருந்த குடும்பமும் பேச்சை நிறுத்திவிட்டது.

"எட்டு" என்றார்.

உங்கள் மகன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அப்போது லிப்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "சார், எங்களுக்கும் கொஞ்சம் கிடைக்குமா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்றது. "பொறும்மா, மேல ஒரு பொண்ணு இருக்கா, அவ முதல்ல உங்களை வெளிய எடுக்கட்டும்" என்றார் சார்.

மோட்டார் அறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். என் முகம் முழுக்க கிரீஸ். கையிலும் அதே, கூப்பிக் கும்பிடக்கூட முடியவில்லை.

"நீதானா?"

"நான்தான் சார்."

"தப்பு மூணு இல்ல, நாலு. ரெண்டாம் பக்கத்துல ஒண்ணை விட்டுட்டேன்."

"திருத்திக்கறேன் சார். இப்ப அந்தச் சக்கரத்தைப் பிடிங்க. நான் சொன்னா சுத்துங்க, நிறுத்துன்னா நிறுத்துங்க. நீங்களா எதுவும் செய்யக்கூடாது."

முப்பத்தைந்து வருடம் மற்றவர்களை உட்கார், எழுந்திரு என்று சொன்னவர் சரி என்று தலையாட்டினார். உங்கள் மகன் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். நான் பிரேக்கைத் திறந்தேன். "சுத்துங்க", "நிறுத்துங்க", "சுத்துங்க". ஒருமுறை சார் கொஞ்சம் அதிகமாகச் சுற்றிவிட்டார். அதட்டினேன். உங்கள் மகன் நடுங்கிப்போய் என்னைப் பார்த்தார். சாரோ, "சரிம்மா, சரிம்மா" என்றார். இருபது நிமிடத்தில் எட்டாவது மாடிக்கு இறங்கியது. கதவைத் திறந்ததும் அந்த ஐந்து பேரும் முதலில் சூப்பைத்தான் பார்த்தார்கள்.

வேறு ஆட்களைச் சக்கரத்தைத் தொடவிட்டது எங்கள் ஆபீஸுக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். இந்தக் கடிதத்தையாவது பத்திரமாக வையுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் இறங்கி வந்தபோது வாட்ச்மேன் எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தார். எதிர்க்கடைக்கார அம்மா ஒருத்தர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கீழே நீங்கள் என்ன செய்தீர்கள்?

மகள்

---

ஜனவரி 2

அன்புள்ள மகளுக்கு,

நான் ஒன்றும் செய்யவில்லை. முட்டிவலியால் படியேற முடியாமல் வாட்ச்மேனின் நாற்காலியில் உட்கார்ந்து, ரொட்டியும் கோழியும் இருந்த கூடையைக் காத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

ஆனால் சும்மா இருக்க விட்டால்தானே. வருகிறவர் போகிறவரெல்லாம் லிப்டு ஏன் ஓடவில்லை என்று என்னையே கேட்டார்கள். ஒருத்தர் கொஞ்சம் கோபமாக, "பண்டிகையும் அதுவுமா யாரோ ஒரு பொம்பளையை அனுப்பியிருக்காங்களாம், ஒரு மணி நேரமா மேல என்னதான் பண்றாளோ" என்றார்.

எனக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது. எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை. எழுந்து நின்று, "யாரோ இல்லைங்க. மேல வேலை செய்யறது என் மருமக" என்றேன்.

நான் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். என் மெது எவ்வளவு என்று உனக்குத்தான் தெரியுமே. வாட்ச்மேன் எழுந்துவிட்டார். எதிர்க்கடை அம்மா வெளியே வந்துவிட்டார். முதல் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அந்தக் கோபக்காரர், "அப்படியா, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். கடைக்கார அம்மா, கல்யாணம் எப்போது நடந்தது என்று கேட்டார். "அது அவங்க ரெண்டு பேர் முடிவு பண்ண வேண்டியது. நான் அதுவரைக்கும் காத்துட்டு இருக்க முடியாது, இப்பவே மருமகதான்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் சொல்லிவிட்டேனே என்று உறைத்தது. அன்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது. உனக்கு மறுப்பு இருந்தால் எழுது. நான் வருத்தப்படமாட்டேன். கொஞ்சம் வருத்தப்படுவேன், ஆனால் காட்டமாட்டேன்.

அம்மா

---

ஜனவரி 7

அத்தை,

மறுப்பு இருந்தால் எழுதச் சொன்னீர்கள். இரண்டு நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். எழுத ஒன்றும் இல்லை.

உங்கள் மருமகள்